ஒரு வீதிக்கு ஒரு வண்டி

கோவை ரங்கே கவுடர் வீதியின் நடுவில் மூன்று டெம்போக்கள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சிக்கி நின்ற ஒரு காலைப் பொழுது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். மளிகை மண்டிகள் திறந்துகொண்டிருந்தன. மிளகாய் மூட்டைகளின் நெடியும் டீசல் புகையும் கலந்து கண்ணைக் கரித்தன. அந்த மூன்று வண்டிகளில் ஒன்று எங்கள் பார்சல் ஆபீஸ் டெம்போ. டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கையில் எங்கள் ஆபீஸை நடத்திவந்த ஏஜென்ட் அக்கா உட்கார்ந்திருந்தார். பின்னால் பண்டல்களோடு புக்கிங் கிளார்க்கான நான். சரக்கு எப்போதும் தாமதமாகவே வருகிறது என்று ஒரு கடைக்காரர் விடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்ததால், எங்கேதான் நேரம் போகிறது என்று பார்க்க அன்றைக்கு அக்காவே கிளம்பி வந்திருந்தார். மூன்று டிரைவர்களும் ஹாரனை அழுத்தினார்களே தவிர எஞ்சினை யாரும் அணைக்கவில்லை.

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். எதிரே நின்ற வண்டியின் டிரைவரிடம் போய், "ஏனுங்க, இந்த வீதியில எறக்கறதுக்கு உங்ககிட்ட என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு பண்டலுங்க. அந்தப் பாத்திரக் கடைக்கு" என்றார் அவர். பின்னால் நின்ற இன்னொரு கம்பெனி வண்டியிலும் அதே கடைக்கு ஒரு பெட்டி இருந்தது. எங்கள் வண்டியிலும் அதே கடைக்குத்தான் சரக்கு. அக்கா வீதி நடுவிலேயே நின்று சிரித்துவிட்டார். "மூணு கம்பெனி, மூணு வண்டி. எறக்கறது ஒரே கடைப் படியில. நல்லா இருக்குதுங்க நம்ம பொழப்பு!" என்றார். டிரைவர்களும் சிரித்தார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் மட்டும், "நேரமாகுது அம்மணி, ஏறுங்க" என்றார். ஏறி உட்கார்ந்த பிறகு ஆபீஸ் வந்து சேரும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தால் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. பல்லடம் பக்கத்தில் கிணற்று நீரை நம்பிப் பருத்தி போட்ட குடும்பத்துப் பெண். சென்னையில் தலைமையகம் இருந்த ஒரு பார்சல் கம்பெனிக்குக் கோவை ஏஜென்சி எடுத்து நடத்தியவர் அவருடைய கணவர். மஞ்சள் காமாலையில் அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, ஏஜென்சியைக் கைமாற்றிவிட்டு ஊரோடு வந்து இருக்கும்படி சொந்தக்காரர்கள் சொன்னார்கள். லாரிக்காரர்களோடும் சுமை தூக்குகிறவர்களோடும் ஒரு பெண் எப்படி மல்லுக்கட்டுவாள் என்பது அவர்களுடைய கவலை. காரியம் முடிந்த மறுவாரம் அக்கா ஆபீசுக்கு வந்து கணவருடைய நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க அல்லாரும் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று எங்களிடம் சொன்னார். ஒரு வருஷத்துக்குள் அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாங்கள்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். விடியும்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரிகள் வந்து சேரும். மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள், துணி, மருந்து, பாடப்புத்தகம், பாத்திரம் என்று பண்டல்கள் இறங்கும். முன்னூறு மைல் அந்தச் சரக்கு ஒரே இரவில் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆபீஸிலிருந்து கடைப் படிக்குப் போகிற கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு பகல் முழுவதும் ஆகும். டெம்போ போகும்போது கடை திறந்திருக்காது. திறந்திருந்தால் முதலாளி இருக்கமாட்டார். பாதிச் சரக்கோடு வண்டி திரும்பி வரும், மத்தியானம் அதே வீதிக்கு மறுபடியும் போகும். எங்களைப் போலவே மற்றக் கம்பெனி வண்டிகளும் அதே வீதிகளில் பாதி காலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் தொழிலின் சுபாவம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போது எங்கள் யாருடைய வாயிலும் வந்ததில்லை. அது எங்களிடம் ஒரு வெள்ளைச் சேலையாக வந்தது. ஆபீஸை ஒட்டிய வீட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் குடியிருந்தார். ஒருநாள் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சேலையை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து என் கவுண்டர்மேல் விரித்தார். சேலை முழுக்கப் பொடிப்பொடியாகக் கரி. "வண்டிய ஸ்டார்ட் பண்ணி உட்டுப்போட்டு உங்க ஆளுக டீக்குடிக்கப் போறாங்க. இதக் கட்டிக்கிட்டு நான் வார்டுக்குப் போகோணுமுங்களா? இதையே நான் மூச்சா இழுக்கறனுங்களே, அதக் காயப்போட்டுக் காட்ட முடியாதுங்களே" என்றார். சண்டைக்கு வந்தவரை அக்கா உள்ளே அழைத்து உட்காரவைத்தார். சேலையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றிலிருந்து ஆபீஸ் வாசலில் நிற்கிற வண்டியில் எஞ்சின் ஓடினால் அக்காவே எழுந்துபோய்ச் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் அது போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ரங்கே கவுடர் வீதியில் சிக்கிக்கொண்ட நாளுக்கு மறுநாள் அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, எங்கப்பா போன வருஷம் தோட்டத்துல சொட்டுநீர் போட்டாருங்க. அதுக்கு முன்னால வாய்க்கால்ல தண்ணி உட்டா பாதியை மண்ணே குடிச்சுப்போடும். இப்ப குழாயில போயி வேர்லயே உழுகுது. கெணத்துல அதே தண்ணிதான். நாம இன்னும் வாய்க்கால்லதான் பார்சல் உட்டுக்கிட்டு இருக்கறோம்."

அவருடைய யோசனை எளிமையானது. எல்லா ஏஜென்ட்டுகளும் நகரச் சரக்கை ஒரே இடத்தில் இறக்க வேண்டும். அங்கே கம்பெனி பார்க்காமல் வீதி வீதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு வீதிக்கு ஒரு வண்டி, அதுவும் டெம்போ வேண்டாம். மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி. கடை திறந்த பிறகு போய்க் கொடுத்துவிட்டு, திரும்பும்போது அந்தக் கடைகள் வெளியூருக்கு அனுப்புகிற பண்டல்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். காலி வண்டி என்ற பேச்சே இருக்கக் கூடாது.

இதைச் சொல்ல அவர் முதலில் போனது எங்களுக்கு எதிர்வரிசையில் இருந்த பெரியவரிடம். அவர் இன்னொரு கம்பெனியின் ஏஜென்ட், தொழிலில் மூத்தவர். நானும் உடன் போயிருந்தேன். பெரியவர் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "எங்க கஸ்டமர் யாரு எவருன்னு உங்க ஆளுகளுக்குத் தெரிஞ்சுபோகுமே அம்மணி" என்றார்.

"இப்ப மட்டும் தெரியாதுங்களா? பண்டல் மேல கொட்டை எழுத்துல பேரு இருக்குது. வீதியே படிச்சுப் பாக்குதுங்க" என்றார் அக்கா.

பெரியவர் சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை. மூன்றாவது ஏஜென்ட் ஒரு இளைஞர், தொழிலுக்குப் புதியவர். அவர் சம்மதித்ததற்கு அக்காவின் பேச்சைவிட, அந்த வாரம் அவருடைய வண்டி பட்டறையில் படுத்துக்கிடந்ததுதான் காரணம். எப்படியோ, இரண்டு கம்பெனிச் சரக்கோடு வேலை தொடங்கியது. மார்க்கெட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு பழைய பஞ்சு குடோனை அக்கா வாடகைக்குப் பிடித்தார். கணபதிப் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் வண்டிகளைச் செய்து கொடுத்தார். முதலில் செய்த வண்டியைச் சுமையோடு மிதிக்கவே முடியவில்லை. அக்கா தானே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார், பட்டறை ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "என்னால மிதிக்க முடியற அளவுக்குச் செஞ்சு குடுங்க. அதுக்கு மேல சுமை யாரு வண்டியிலயும் ஏத்த மாட்டேன்" என்றார். தளத்தைத் தாழ்த்தி, பல்சக்கரத்தை மாற்றி, பிரேக்கை இரட்டையாக்கிச் செய்த வண்டிதான் பிறகு நகரத்துக்குள் ஓடியது. பூட்டிக்கிடந்த பஞ்சாலை ஒன்றில் வேலை போயிருந்தவர்கள் சிலர் வண்டி மிதிக்க வந்தார்கள். ஷிப்ட் சங்குக்கு எழுந்து பழகியவர்கள் என்பதால் யாரும் தாமதமாக வந்ததே இல்லை.

இதில் மனம் உடைந்துபோனவர் எங்கள் டிரைவர் அண்ணன். அக்காவின் கணவர் காலத்திலிருந்து சொந்த டெம்போவை எங்களுக்கு ஓட்டியவர். அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அம்மணி என்று கூப்பிடுகிற உரிமை அவருக்கு உண்டு. ட்ரிப் கணக்கில்தான் அவருக்குக் கூலி. வீதிகளைச் சைக்கிள் எடுத்துக்கொண்டால் அவருக்கு என்ன மிச்சம்? ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்குள் வந்து நின்றார். உட்காரவில்லை.

"எங்க அடுப்புல தண்ணி ஊத்திப்போட்டீங்களே அம்மணி. அண்ணன் இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பாருங்களா?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கணவரைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "அண்ணா, உங்க வண்டிய நிறுத்தச் சொல்லலீங்க. மதுக்கரை, குனியமுத்தூரு, பீளமேடு, அங்க இருக்கறவங்களெல்லாம் ஒரு பண்டலுக்காக பஸ் ஏறி டவுனுக்கு வர்றாங்க. அங்க நாம போனதே இல்ல. டவுனுக்குள்ள முட்டிக்கிட்டு நிக்கற வண்டி அந்த ரோட்டுல போகட்டும். நெறையச் சரக்கோட ஒரே நடையா போயிட்டு வரலாமுங்க."

"நெறையச் சரக்கு எங்கிருந்து வருமுங்க?"

"இப்ப இல்லீங்க. வரும்."

"வரும்போது கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து எதிர்வரிசைப் பெரியவருக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்தார். எங்கள் ஆபீஸைக் கடக்கும்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போவார். அவர் போனது அக்காவுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். டிரைவர் அண்ணனின் டீ டம்ளரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தார்.

முதல் சில மாதங்கள் சுலபமாக இல்லை. எதிர்பாராத ஒரு மழையில் வண்டி ஒன்று உக்கடத்தில் குழியில் இறங்கிச் சாய்ந்தது. பாடப்புத்தகப் பண்டல்கள் சேற்றில் விழுந்தன. அக்கா அந்தக் கடைக்குத் தானே போய் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வண்டிகளுக்குக் கம்பி வளைத்துத் தார்ப்பாய்க் கூரை போட்டோம். அந்தக் கலவரம் அடங்குவதற்குள் சென்னைத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கம்பெனிச் சரக்கை மற்றக் கம்பெனிச் சரக்கோடு கலப்பது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றார். "உலகம் முன்னால போயிட்டிருக்கு. நீங்க சைக்கிளுக்குத் திரும்பிப் போறீங்களே மேடம்" என்று சிரித்தார்.

"முன்னால போகுதுன்னுதானுங்க நாங்களும் டெம்போ வெச்சிருந்தோம். அது வீதியில நின்னுக்கிட்டே இருந்துதுங்க" என்றார் அக்கா.

தீபாவளி அவசரம் முடியட்டும், அதற்குப் பிறகு ஏஜென்சியைப் பற்றி முடிவு சொல்கிறோம் என்று அவர் சொன்னார். இதமாகத்தான் சொன்னார், ஆனாலும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஏஜென்சி போனால் அக்காவோடு நாங்கள் எல்லோரும் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரம் கோவையின் ஜவுளிக் கடை வீதிகள் வழக்கம்போல் மனிதத் தலைகளால் நிறைந்தன. பொள்ளாச்சியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியவர்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒப்பணக்கார வீதிக்குள் பகலில் பெரிய வண்டிகள் வரக் கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது. அதிகாரி மறுபடியும் வந்திருந்தார். குடோன் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சைக்கிள் வண்டிகள் கயிற்றுக்குக் கீழே நுழைந்து, கூட்டத்தினூடே மணியடித்துக்கொண்டு உள்ளே போயின. துணிப் பண்டலுக்காகக் காத்திருந்த கடைக்காரர்கள் படியிறங்கி வந்து வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானவாக்கில் வண்டிக்காரர் ஒருவர் வந்து, பெரியவரின் டெம்போ வீதி முனையில் காலையிலிருந்து நிற்கிறது என்று சொன்னார். முன்னால் கயிறு, பின்னால் பஸ் வரிசை. சரக்கு முழுவதும் ஜவுளி. இன்றைக்குக் கொடுக்காவிட்டால் அந்தக் கடைகளுக்குத் தீபாவளி போய்விடும். ஓட்டி வந்தவர் நம் டிரைவர் அண்ணன் என்றும் சொன்னார். அக்கா உடனே செருப்பை மாட்டினார். "காலியா இருக்கற வண்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. தம்பி, நீங்களும் வாங்க" என்றார்.

நாங்கள் போனபோது டிரைவர் அண்ணன் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அக்கா பழையது எதையும் பேசவில்லை.

"அண்ணா, பின்கதவத் தெறங்க. பண்டல எறக்கிக் குடுங்க, நாங்க கொண்டுபோய்ச் சேத்தறோம்."

"இது அவிய சரக்குங்க அம்மணி."

"பண்டலுக்கு என்னங்க தெரியும் அவிய இவியன்னு? எறக்குங்க."

அவர் ஒரு கணம் அக்காவையே பார்த்தார். பிறகு கொக்கியை விலக்கிக் கதவை இறக்கினார். ஒவ்வொரு பண்டலாக எடுத்து, எந்தக் கடை என்று உரக்கப் படித்து, எங்கள் வண்டிகளில் அடுக்கினார். கடைசிப் பண்டல் போகிறவரை அக்கா வெயிலிலேயே நின்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியவர் தாமே குடோனுக்கு வந்தார். காலியாகிக் கிடந்த குடோன் தரையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எங்க லாரியையும் இங்கயே வந்து எறக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். நாற்காலியில் இருந்த அதிகாரி எழுந்து, "நான் இங்க எதையும் பாக்கல மேடம்" என்று சொல்லி அக்காவுக்குக் கை கூப்பிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். ஏஜென்சியைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.

டிரைவர் அண்ணன் திரும்பி வந்தார். மூன்று கம்பெனிச் சரக்கும் சேர்ந்ததும் மதுக்கரை வழிக்கு உண்மையாகவே வண்டி நிறைந்தது. சிமென்ட் ஆலைக் குடியிருப்புக்கும் வழியிலிருந்த கடைகளுக்கும் பண்டல் வாசலுக்கே போனது. நகரத்துக்குள் எங்கள் டெம்போக்களின் சத்தம் அடங்கிவிட்டது. நர்ஸம்மா ஒருநாள் கவுண்டருக்கு வந்து, வீட்டில் காய்த்த முருங்கைக்காய் ஒரு கட்டை வைத்துவிட்டுப் போனார்.

நான் இப்போது சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகனோடு இருக்கிறேன். காலையில் ஒரு பைக்கில் ஒரு பெட்டி வரும். அது போன சற்று நேரத்தில், பக்கத்து வீட்டுக்கு இன்னொரு பைக்கில் இன்னொரு பெட்டி. மாலைக்குள் பார்த்தால் எங்கள் ஒரே வாசலுக்கு எத்தனையோ வண்டிகள் வந்து போயிருக்கும். கொண்டுவருகிற பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடுகிறார்கள். இப்போது பேட்டரி வண்டிகள் வருகின்றன, நல்லதுதான். ஆனாலும் புகை இல்லாத வண்டிகளே ஒரே வீதியில் முட்டிக்கொண்டு நின்றால் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வண்டி எதில் ஓடுகிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த வண்டி அங்கே வர வேண்டியிருக்கிறதா என்று கேட்டவர் அவர். அவர் மறைந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் தீபாவளிக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்குள் தங்கிவிட்டது அதற்குச் சில வருஷங்கள் கழித்து வந்த ஒரு நாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். சென்னைக் கம்பெனி கைமாறியது. புதிய நிர்வாகம் ஏஜென்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்து, அவிநாசி ரோட்டில் கண்ணாடி போட்ட சொந்தக் கிளை திறந்தது. புதிதாக வேன்கள் வாங்கி வர்ணம் அடித்து நிறுத்தியது. ஒரு மத்தியானம் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்து எங்கள் ஆபீஸ் முகப்பில் இருந்த கம்பெனி போர்டைக் கழற்றினார்கள். அக்காவின் கணவர் நின்று மாட்டிய போர்டு. அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தார். இறக்கியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "நாளைக்கு எப்பவும் போல குடோனுக்கு வந்துருங்க" என்றார்.

"எதுக்குங்க அக்கா? நம்ம சரக்கே இல்லையே" என்றேன்.

"வண்டி இருக்குது. வீதி இருக்குது. நான் வாரேன், நீங்களும் வாங்க."

மறுநாள் விடிகாலையில் குடோன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டிக்காரர்கள் சைக்கிள்களைத் துடைத்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வழக்கமான சென்னை லாரி வரவில்லை. பெரியவரின் லாரி வந்தது, இளைஞரின் லாரி வந்தது. எங்கள் சரக்கு இருந்த இடத்தில் மட்டும் சிமென்ட் தரை வெறுமையாகக் கிடந்தது. பிரித்த சரக்கை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்பின. பாதி வண்டிகளுக்கு வேலை இல்லை. இப்படியே ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. மிதிக்கிறவர்களில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அக்கா தடுக்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏறிய நேரத்தில், புது வர்ணம் மின்னும் வேன் ஒன்று குடோன் சந்துக்குள் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய் ஒருவழியாக வாசலில் வந்து நின்றது. எங்கள் பழைய கம்பெனியின் புதிய கிளை வேன். கழுத்தில் டை கட்டிய மேனேஜர் ஒருவர் இறங்கினார். கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கூரை முட்டப் பண்டல்கள். பழைய தேதிச் சரக்கு. கடைகளிலிருந்து போன் வந்து காது கிழிகிறது என்றார். வேனை எந்த வீதிக்குள்ளும் விட முடியவில்லை என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மேடம், டவுன் டெலிவரி மட்டும் நீங்க பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

போர்டைக் கழற்றிய கம்பெனி. அக்கா ஏதாவது நறுக்கென்று கேட்பார் என்று காத்திருந்தோம். டிரைவர் அண்ணன் மதுக்கரைச் சரக்கைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மேலே இருந்த ஒரு மருந்துப் பெட்டியை இழுத்து அதன்மேல் எழுதியிருந்த விலாசத்தைப் படித்தார். பிறகு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர்களை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ராஜ வீதி யாருங்க? வாங்க, இத மொதல்ல எடுத்துக்கிட்டுப் போங்க. மருந்து. யாரோ எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்க."